மலை இறக்கத்தில் அமுங்கிய பிரேக்: என் அபார்த் புன்டோவில் நாலு ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் இருந்து காட்ரோடு வரை இறங்கி வந்தேன். மலை உச்சியில் 31 மில்லிமீட்டர் அமுங்கிய பிரேக் பெடல், அடிவாரத்தில் 32 மில்லிமீட்டர் அமுங்கியது. இந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்க்கத்தான் நாலு ஞாயிறும் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாயும் செலவானது. சரியாக யோசித்திருந்தால் ஒரே ஞாயிறில், இதில் பத்தில் ஒரு பங்கு செலவில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இதே கார், அல்லது இது போல வாரம் ஒரு தரம் ஆசைக்கு எடுத்து ஓட்டுகிற கார் வைத்திருப்பவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

கார் ஃபியட் அபார்த் புன்டோ. 2015 அக்டோபரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வண்டி. 1,368 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பார்க்க சாதாரண புன்டோ போல இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் வேறு வண்டி என்று தெரியும். இப்போது புது ஃபியட் கார் நம் ஊரில் கிடையாது. அதனால் இதை வைத்திருப்பவர்கள் ஸ்பானரைக் கையில் எடுக்காமல் தீராது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று எங்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்கு போனில் சொல்லிச் சொல்லியே மூன்று வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பிப்ரவரியில் கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும்போது ஆரம்பித்தது. ஊத்து என்ற ஊரைத் தாண்டி, ஒரு டூரிஸ்ட் வேனுக்குப் பின்னால் தேர்டு கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். வேன் ஒவ்வொரு வளைவிலும் நிற்காத குறையாக மெதுவாகப் போனது. நானும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடியே வந்தேன். முதலில் கருகல் வாசம் வந்தது. வேனுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் அரை அடி போன மாதிரி கீழே போனது. உடனே காலைத் தூக்கி இரண்டு மூன்று தரம் வேகமாக மிதித்தேன்; மூன்றாவது மிதியில் பிடித்தது. செகண்டுக்கு இறக்கி, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றோம். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. திடீரென்று குளிர்ந்தால் இரும்பு கோணும், விரிசல் கூட விடும். அப்புறம் ஃபர்ஸ்டிலும் செகண்டிலுமாக உருட்டியே கீழே வந்து சேர்ந்தோம்.

அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடைக்கானல் ரூட்டில் பல வருஷம் ஓட்டியவர். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏறும்போது அந்த இடத்துல என்ன கியர்ல ஏறுன?"

"செகண்டுப்பா."

"அப்ப இறங்கும்போதும் செகண்டுதான்."

அது என் தப்பு. மலையில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம், எனக்கும் தெரியும், அன்றைக்குச் செய்யவில்லை. ஆனால் மறுநாள் காலை பெடல் பழையபடி கல்லாக இருந்தது. அதுதான் என்னைத் திசைதிருப்பியது. பெடல் இறுக்கமாக இருக்கிறது, லீக் எதுவும் இல்லை, அப்படியென்றால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் தேய்ந்து சூடு தாங்காமல் போயிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

முதல் ஞாயிறு முன் சக்கரங்கள். மதுரை திருநகர் வீட்டுப் போர்ட்டிகோ தரை சமமாக இருக்கிறது, அது பெரிய வசதி. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் அண்டக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை விடுகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். ஜோடி ஸ்டாண்ட் 1,700 ரூபாய். மொத்தச் செலவில் நான் கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்த பணம் அது.

ஃபியட்டில் வீல் நட்டு கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டையைத் தேட வேண்டும். 16 இஞ்ச் அலாய் சக்கரம், டயரோடு நல்ல கனம். இதற்கு ஒரு வழி செய்தேன். பழைய வீல் போல்ட் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய் அதே மரை உள்ள நீள போல்ட் வாங்கி, கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத்தில் தலையை வெட்டி, நுனியைக் கூம்பாக்கி வாங்கி வந்தேன். மொத்தம் 120 ரூபாய். அதை மேல் ஓட்டையில் கையால் திருகிவிட்டால் சக்கரத்தை அதன் மேல் தொங்கவிட்டு, மற்ற போல்ட்டுகளை நிதானமாக ஏற்றலாம். இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கருவி அதுதான்.

பேட்டை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தேன். வலது பக்கம் உள் பேட் 5.8 மில்லி, வெளிப் பேட் 6.1. கிட்டத்தட்ட ஒன்று. இடது பக்கம் உள் பேட் 2.1, வெளிப் பேட் 6.4. பேட்டுகளைத் தாங்கி அழுத்துகிற பாகம்தான் காலிப்பர்; ஒரே காலிப்பரில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் பேட்டைக் குறை சொல்லக் கூடாது, காலிப்பர் நகரவில்லை என்று அர்த்தம். இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேட்டைத் தள்ளும், பிறகு காலிப்பரே ஆணி போன்ற இரண்டு பின்களில் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுக்கும். பின் இறுகிவிட்டால் உள் பேட் மட்டும் தனியாக உழைக்கும்.

மேல் பின்னை விரலால் இழுத்தேன், வந்தது. கீழ் பின் அசையவில்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ராத்திரி ஊறப் போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, கையில் பிசுபிசுத்தது. பின்னைத் திருகித் திருகி அரை மணி நேரத்தில் வெளியே எடுத்தபோது அதன் மேல் இருந்த கிரீஸ் காய்ந்த புளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த கிரீஸை வைத்தவன் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பின்னைச் சுத்தம் செய்தபோது கையில் இருந்த டப்பா சேசிஸ் கிரீஸைத் தடவி விட்டிருந்தேன். பெட்ரோலிய கிரீஸ் பிரேக்கில் இருக்கும் ரப்பரை உப்ப வைத்துவிடும். இதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சின்ன ட்யூப் 220 ரூபாய், ஐந்தாறு வருஷத்துக்கு வரும்.

பின்னை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காலிப்பரில் பின் போகும் துளையை ஈயர் பட்ஸாலும் பிரேக் கிளீனராலும் கறுப்பு வராத வரை துடைத்தேன். வடக்கு வெளி வீதி கடையில் பழைய பேட்டையும் பூட்டையும் சாம்பிளாகக் கொடுத்ததில், சென்னையில் இருந்து பார்சலில் இரண்டு நாளில் வந்தன. முன் பேட் செட் 2,850, காலிப்பர் பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் 640.

டிஸ்க் அளப்பதில் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கின் விளிம்பில் பேட் படாத ஒரு துருக் கரை நிற்கும். வெர்னியரின் தாடை தட்டையாக இருப்பதால் அந்தக் கரையின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்கைத் தடிப்பாகக் காட்டும். எனக்கு 0.9 மில்லி அதிகமாகக் காட்டியது. அப்புறம் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சேர்த்து முதலில் அளந்துகொண்டு, அவற்றை டிஸ்கின் இரண்டு பக்கமும் கரைக்கு உள்ளே தள்ளி வைத்து, மொத்தத்தை அளந்து நாணயத்தின் தடிப்பைக் கழித்தேன். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் படிக்கலாம். என்னுடையதில் அதற்கு மேல் 0.7 மில்லி மிச்சம் இருந்தது. டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது ஞாயிறு சிறுமலைக்குப் போனேன். கொடைக்கானலை விடப் பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கைச் சோதிக்க அளவான மலை. திண்டுக்கல் நண்பரும் அவர் வண்டியில் பின்னால் வந்தார், எனக்கு ஏதாவது ஆனால் துணை வேண்டும் என்று. வேண்டுமென்றே இரண்டு வளைவுகளுக்கு இடையில் வேகம் எடுத்து, நன்றாக மிதித்து, சூடேற்றி இறங்கினேன். பாதி மலைக்கு மேல் இறங்கியதும் பெடல் மறுபடி நீண்டது. பிப்ரவரி அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகமே இல்லாமல் நீண்டது.

ஓரம் கட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு பக்கமும் பார்த்தேன். இடது 226, வலது 219 டிகிரி. பளபளப்பான இரும்பில் இந்தக் கருவி உண்மையை விடக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் இடது வலதை ஒப்பிட அது போதும். இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால் காலிப்பர் பின் வேலை செய்கிறது, பேட் புதுசு, டிஸ்க் நன்றாக இருக்கிறது. நண்பர் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "எப்ப மாத்துனீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பில் ஃபைலைப் புரட்டினேன். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றியது ஆறு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு வண்டி ஓடியது 21,000 கிலோமீட்டர் மட்டும். நம்மைப் போல வார விடுமுறைக்கு மட்டும் கார் எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாவற்றையும் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துப் பழகிவிட்டோம். பிரேக் ஆயில் வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது குறைந்தபட்ச அளவு, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் வரும். ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். ஆறியதும் குமிழ் அடங்கி மறுநாள் காலை பெடல் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

ஈரம் பார்க்கிற பேனா ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். டப்பாவில் விட்டதும் சிவப்பு எரிந்தது, நாலு சதவீதத்துக்கு மேல். பேனாவையே நம்பலாமா என்று புது பாட்டிலில் விட்டுப் பார்த்தேன், பச்சை. பழைய ஆயிலைச் சிரிஞ்சில் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் இரண்டாம் தடவை போட்ட டிகாக்‌ஷன் நிறம். பேனா இல்லாவிட்டாலும் இதைப் பார்த்தே மாற்றியிருக்கலாம்.

ஆயில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நான் டாட் 4 என்று கேட்டும் ஒரு கடையில் டாட் 3 பாட்டிலை எடுத்து வைத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். டாட் 3க்கு அந்த இரண்டு அளவும் 205, 140 டிகிரிதான். மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு, ஈரம் கலந்த பிறகு குறைகிற அந்த 15 டிகிரி சும்மா இல்லை. டாட் 5.1 போடலாம், டாட் 4 உடன் கலக்கும், இன்னும் அதிகச் சூடு தாங்கும். ஆனால் வெறும் டாட் 5 என்று இருப்பது சிலிக்கான் ஆயில், நம் வண்டிக்கு ஆகாது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் இங்கே குழம்ப வாய்ப்பு அதிகம். நான் அரை லிட்டர் பாட்டிலாக மூன்று டாட் 4 வாங்கினேன், ஒன்று 340 ரூபாய். ஒரு லிட்டர் பாட்டிலை விட இது நல்லது. திறந்து வைத்த பாட்டில் அலமாரியிலேயே ஈரம் குடிக்கும்.

மூன்றாவது ஞாயிறு. ஆயில் மாற்றுவதற்கு முன் பின் சக்கர பேட்டையும் மாற்றிவிடலாம் என்று தொடங்கினேன். இந்த நாலு வாரத்தில் பெரிய சேதம் செய்தது இந்த இடத்தில்தான். முன் பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு அழுத்தினால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. அதே பழக்கத்தில் பின் பிஸ்டனுக்கும் சி கிளாம்ப் போட்டேன். போகவில்லை. துரு என்று நினைத்து ஒரு குழாயை கிளாம்ப் கைப்பிடியில் சொருகி நெம்பினேன். கிளாம்ப்பின் முதுகு கண் முன்னால் வளைந்தது, பிஸ்டன் ஒரு மயிரிழை நகரவில்லை. டஸ்ட் பூட்டின் ஓரம் பிதுங்கிக் கிழிந்தது.

நிறுத்திவிட்டு திண்டுக்கல்லுக்கு போன் போட்டேன். "தம்பி, தள்ளாதீங்க. ஹேண்ட்பிரேக் அந்தக் காலிப்பருக்குள்ளதான் இருக்கு. பிஸ்டன் உள்ள மரை மேல உக்காந்திருக்கு. திருகித்தான் உள்ள போகும்" என்றார். மதியமே அவரிடம் இருந்த பிஸ்டன் திருகும் கிட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிஸ்டன் முகத்தில் இருக்கும் பள்ளத்தில் பொருந்துகிற தட்டை மாட்டி, லேசாக அழுத்தம் கொடுத்தபடி கடிகார முள் திசையில் திருக, நாலைந்து நிமிஷத்தில் பிஸ்டன் அமைதியாக உள்ளே போனது. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், அது முக்கியம். திருகும்போது பூட் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் பூட்டுக்கும் நடுவே சிலிக்கான் கிரீஸ் தொட்டால் முறுக்காது. கடைசியில் பிஸ்டன் பள்ளமும் பேட்டின் முதுகில் இருக்கும் சின்ன முளையும் நேராக வருகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். கிழிந்த பூட்டுக்கு 380 ரூபாய், ஒரு வாரக் காத்திருப்பு. பின் பேட் செட் 2,400.

நாலாவது ஞாயிறு ஆயில். மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் 25 ரூபாய், மீன் தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் ட்யூப் 20 ரூபாய். டப்பாவில் இருந்த பழைய ஆயிலை முடிந்த மட்டும் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை நிரப்பினேன். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்தில் இருந்து கிட்டத்துக்கு வரிசை. காலிப்பரில் இருந்து ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளை ஓபன் ஸ்பானரால் தொடாதீர்கள், முனை மழுங்கிவிடும். சரியான அளவு ரிங் ஸ்பானரை முதலில் மாட்டி, அதற்கு மேல் ட்யூபைச் சொருக வேண்டும். முந்தின நாள் ராத்திரியே நிப்பிளில் துரு எண்ணெய் அடித்து வைத்திருந்ததால் நாலும் முரண்டு பிடிக்கவில்லை. ட்யூபின் மறு முனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கி இருக்க வேண்டும், காற்று திரும்ப ஏறாமல் இருக்க.

பெடலில் அப்பா. உட்கார்ந்ததும் பெடலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்து, "ஒரு ரீப்பர் கட்டை கொண்டா" என்றார். பெடல் மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். அது பழையதாக இருந்து பெடலைத் தரை வரை மிதித்தால், வழக்கமாக உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போகாத, துரு பிடித்த பகுதிக்கு வாஷர் போய்க் கிழிந்துவிடும். டிப்போவில் மெக்கானிக்குகள் கட்டை வைத்துத்தான் மிதிக்க விடுவார்களாம். நான் இதைப் படித்ததும் இல்லை, யோசித்ததும் இல்லை. இரண்டு இஞ்ச் கட்டை ஒன்றை வைத்தோம்.

"மிதிங்கப்பா." நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். ட்யூபில் கறுப்பு ஓடும். "பிடிங்க." மூடுவேன். "விடுங்க." நான் மூடுவதற்கு முன்னால் ஒரு தரம் கூட அப்பாவின் கால் மேலே வரவில்லை. பின் இடதில் முதலில் டிகாக்‌ஷன், அப்புறம் தண்ணி டீ, அப்புறம் புது ஆயிலின் இளமஞ்சள் என்று ட்யூபுக்குள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசிக் கறுப்புக்கும் முதல் மஞ்சளுக்கும் நடுவே ஒரு தெளிவான கோடு ட்யூபில் நகர்ந்து வந்தது.

பின் வலதில் ஆரம்பித்த சமயம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பேச்சுக் கொடுத்தார். பத்து மிதிக்கு ஒரு தரம் டப்பாவை நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்த கணக்கு விட்டுப் போனது. டப்பாவில் இருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் எட்டிப் பார்த்தேன். அடிக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. காற்று உள்ளே. ட்யூபில் வரிசையாகக் குமிழ் வந்தது. திரும்ப முதல் சக்கரத்தில் இருந்து ஆரம்பித்தோம். ஒரு லிட்டரில் முடிய வேண்டிய வேலைக்கு ஒன்றரை லிட்டர் ஆனது அதனால்தான். அவசரத்தில் நிரப்பும்போது இடது ஃபெண்டர் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்த துணியால் துடைத்தேன். அது அதைப் பரப்பியது மட்டும்தான். சாயங்காலம் அந்த இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்ட் சுருங்கி நின்றது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்கும்.

பெடல் நன்றாக வந்தது, ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று தங்கியிருக்கலாம். திருமங்கலம் தாண்டி பிளாட் போட்டுக் காலியாகக் கிடக்கும் ஒரு இடத்தில், சரளை மண்ணில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போய் அழுத்தி மிதித்து ஏபிஎஸ் உதறும்படி ஏழெட்டு தரம் செய்தேன். வீட்டுக்கு வந்து முன் சக்கரம் இரண்டிலும் மறுபடி எடுத்தபோது கடுகு அளவில் மூன்று குமிழ் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பெடல் அமுங்கும் தூரத்தை இன்ஜின் ஓடும்போது டேப் வைத்து அளந்தேன். வேலைக்கு முன் 38 மில்லி, பின் 31.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ரிங் ரோட்டில் புது பேட்டை டிஸ்கோடு பொருந்தும்படி பழக்கினேன். 70ல் இருந்து 20 வரை அழுத்தமாகப் பிடித்து விடுவது, நிற்காமல் மறுபடி வேகம் எடுப்பது, பத்து தரம். அப்புறம் பத்து கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது, பேட்டின் அச்சு டிஸ்கில் ஒட்டிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்கில் சீரான சாம்பல் நிறம்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் கொடைக்கானல். அப்பாவும் வந்தார். இறக்கம் முழுக்க செகண்ட் கியர், பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும் அழுத்தமாகப் பிடித்து விடுவது. ஊத்தில் நிறுத்தி அளந்தேன், முன் சக்கரம் இரண்டும் 170ஐ ஒட்டி. டம்டம் பாறையில் இறங்கித் தலையாற்று அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெடல் 31லேயே நின்றது. அப்பா சாவிக்குக் கை நீட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் மலையில் ஓட்டி நான் பார்த்ததில்லை. அங்கிருந்து காட்ரோடு வரை அவர்தான் ஓட்டினார். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் பெடலை மெதுவாக மிதித்துப் பார்த்துவிட்டு, "நிக்குது" என்றார்.

செலவைக் கூட்டினால் 9,825 ரூபாய். அதில் ஸ்டாண்ட், பேனா, வழிகாட்டி போல்ட் ஆகிய மூன்றும் 2,270, அவை என்னிடமே இருக்கும். ஆயிலுக்கு மட்டும் ஆனது 1,020. அடுத்த முறை ஆயிலைத்தான் முதலில் மாற்றுவேன், பேட்டை அளந்து பார்த்துவிட்டு வாங்குவேன். முன் பேட் கூட வலது பக்கம் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் ஆயிலின் ஈரம் பார்ப்பது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். மாற்றிய மாதமும் வருஷமும் டப்பா மூடிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியாயிற்று. ஃபெண்டர் மேல் ஈரத் துண்டு விரிக்காமல் பாட்டிலைத் திறக்க மாட்டேன். பழைய ஆயிலை இரண்டு பாட்டிலில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கிற பட்டறையில் கொடுத்தேன், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பிஸ்டன் திருகும் கிட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தேனி நண்பரின் வண்டியில் ஆயில் மாற்றி ஏழு வருஷம் ஆகிறதாம். வருகிற ஞாயிறு காலை அவர் இங்கே வருகிறார். அப்பா அந்த ரீப்பர் கட்டையைக் கழுவிக் காயவைத்து, டூல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.